கணிப்பைத் தானே சரிபார்த்த நிறுவனம்: பெர்க்லி மனித வளர்ச்சி நிறுவனத்தின் கதை

பி.எட். படித்தவர்கள் எரிக் எரிக்சனின் எட்டு வளர்ச்சி நிலைகளைத் தூக்கத்தில்கூட வரிசையாகச் சொல்வார்கள். கல்வி உளவியல் பாடநூலில் குமரப் பருவம் பற்றிய பாடத்தில், சீக்கிரமே ஆளாகிவிடும் பையனையும் தாமதமாக வளரும் பையனையும் ஒப்பிட்டு ஒரு பத்தி வரும். குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் எடுப்பது பெய்லி அளவுகோல். பெற்றோரை அடக்கி ஆள்பவர், அரவணைத்து நெறிப்படுத்துபவர், போக்குக்கு விட்டுவிடுபவர் என்று வகை பிரித்தவர் டயானா பாம்ரிண்ட். தேர்வுக்காக இவற்றைத் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகவே மறந்தும் விடுகிறோம். இவை அனைத்தும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர்களின் கைவண்ணம் என்று பாடநூல் சொல்வதில்லை.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள மனித வளர்ச்சி நிறுவனம்தான் அது. 1927இல் குழந்தை நல நிறுவனம் என்ற பெயரில் தொடங்கியது. 2027இல் அதற்கு நூறு வயது. வயதுக்காக மட்டும் ஒரு நிறுவனத்துக்கு இம்மலரில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. குழந்தைகளைப் பார்த்துத் தான் சொன்ன ஆரூடம் எத்தனை பேர் விஷயத்தில் பலித்தது, எத்தனை பேர் விஷயத்தில் பொய்த்தது என்று முப்பது ஆண்டுகள் பொறுத்திருந்து கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கை அச்சிலும் ஏற்றிய நிறுவனம் இது. அப்படிச் செய்யும் துணிவு நிறுவனங்களுக்கு அடிக்கடி வருவதில்லை.

தொடக்கப் பணம் ராக்ஃபெல்லர் குடும்பத்துடையது. ஜான் டி. ராக்ஃபெல்லர் தம் மனைவி லாரா ஸ்பெல்மன் நினைவாக 1918இல் ஏற்படுத்திய நிதி, 1920களில் குழந்தை ஆய்வின் பக்கம் திரும்பியது. அதன் சார்பில் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக ஏறி இறங்கியவர் லாரன்ஸ் ஃபிராங்க். அயோவா, மினசோட்டா, கொலம்பியா, டொரோன்டோ, பெர்க்லி என்று அவர் கைகாட்டிய இடங்களில் குழந்தை ஆய்வு நிலையங்கள் புதிதாக முளைத்தன, அல்லது இருந்தவை வலுப்பெற்றன. பெர்க்லியின் முதல் இயக்குநர் ஹெர்பர்ட் ஸ்டோல்ஸ் ஒரு மருத்துவர். ஆய்வுப் பொறுப்பை ஏற்க நியூயார்க்கிலிருந்து வந்தவர் ஹெரால்டு ஜோன்ஸ். 1935 முதல் 1960 வரை இயக்குநராகவும் இருந்தார். அவருடன் வந்த மனைவி மேரி கவர் ஜோன்ஸ் அதற்கு முன்பே பெயர் பெற்றவர். முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கிய ஆய்வை அவர் 1924இல் வெளியிட்டிருந்தார். இன்று மனநல மருத்துவமனைகளில் நடத்தைச் சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றுக்கு அதுதான் முன்னோடி.

மூன்று ஆய்வுகள் சில ஆண்டு இடைவெளியில் தொடங்கின. 1928இல் நான்சி பெய்லி 61 பச்சிளங்குழந்தைகளை அளக்கத் தொடங்கினார். அதே காலத்தில் ஜீன் மக்ஃபார்லேன், 1928 ஜனவரி தொடங்கிப் பதினெட்டு மாதங்களில் பெர்க்லி நகரில் பிறந்த குழந்தைகளில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 248 பேரை எடுத்தார். வழிகாட்டல் ஆய்வு என்பது அதன் பெயர். பாதிக் குடும்பங்களோடு பிள்ளை வளர்ப்புச் சிக்கல்களை விரிவாகப் பேசி ஆலோசனை சொல்வது, மறுபாதியை அப்படிச் செய்யாமல் விடுவது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது என்பது திட்டம். மூன்றாவது, 1930களின் தொடக்கத்தில் ஜோன்ஸும் ஸ்டோல்ஸும் பக்கத்து நகரமான ஓக்லண்டில் தொடங்கியது. 1920, 1921ஆம் ஆண்டுகளில் பிறந்து அப்போது ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். குமரப் பருவத்தில் உடலும் மனமும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று பார்ப்பதே நோக்கம். மூன்றுமே சில ஆண்டுகளுக்கென்று திட்டமிட்டவை. அந்தப் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுக்கும் வரை பின்தொடரப் போகிறோம் என்று 1932இல் யாரும் நினைத்திருக்க வழியில்லை.

ஓக்லண்ட் ஆய்வின் கிளப் ஹவுஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பள்ளிக்கு அருகில் ஓரிடத்தை ஏற்பாடு செய்து, பிள்ளைகள் வந்து விளையாடவும் நடனமாடவும் அரட்டையடிக்கவும் திறந்து வைத்தார்கள். அங்கே உடனிருந்த பெரியவர்கள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். யார் யாரோடு ஒட்டிக்கொள்கிறார்கள், யார் சுவரோரமாக நிற்கிறார்கள், போன பருவத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்த பையன் இந்தப் பருவத்தில் ஏன் வாய் திறப்பதில்லை என்றெல்லாம் பதிவாகிக்கொண்டே வந்தது. இது போக, ஆண்டுக்கு இருமுறை உடல் அளவெடுப்பு, எலும்பு முதிர்ச்சியைக் காண எக்ஸ்ரே, நிழற்படம். வகுப்புத் தோழர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் சோதனையும் உண்டு. கரோலின் டிரையன் அதை வைத்து 1939இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். ஒரே பிள்ளையை ஆசிரியர் ஒரு மாதிரியும், ஆய்வாளர் ஒரு மாதிரியும், சக பிள்ளைகள் வேறு மாதிரியும் பார்த்த பதிவுகள் ஒரே கோப்பில் சேர்ந்தன. நம் பள்ளிகளில் ஒரு மாணவனைப் பற்றி எஞ்சுவது மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழில் உள்ள ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லும்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கோப்புகளின் அருமை தெரியும்.

அவற்றிலிருந்து வந்த முதல் பெரிய முடிவுதான் நம் பாடநூலில் உள்ள அந்தப் பத்தி. 1950இல் மேரி கவர் ஜோன்ஸும் பெய்லியும், எலும்பு முதிர்ச்சியில் முந்திய 16 பையன்களையும் பிந்திய 16 பையன்களையும் ஒப்பிட்டார்கள். முந்தியவர்கள் நிதானமானவர்களாகவும் தோழர்களால் மதிக்கப்படுபவர்களாகவும் தெரிந்தார்கள். பிந்தியவர்கள் பரபரப்போடு, பிறர் கவனத்தை இழுக்கத் தவிப்பவர்களாகத் தெரிந்தார்கள். பாடநூல் இங்கேயே நின்றுவிடுகிறது, ஆய்வு நிற்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் அதே ஆட்களைப் பார்த்தபோது உயரத்திலும் உடற்கட்டிலும் இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருந்தது. முந்தியவர்களிடம் பொறுப்பும் ஆளுமையும் இன்னும் இருந்தன. ஆனால் அவர்களில் பலர் விதி, ஒழுங்கு என்று இறுகிப் போயிருந்தார்கள் என்பதும், பிந்தியவர்கள் தம்மைத் தாமே புரிந்துகொள்வதிலும் புதியதைத் தேடுவதிலும் வளைந்துகொடுப்பதிலும் மேலாக இருந்தார்கள் என்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரியவந்தன. வழிகாட்டல் ஆய்வின் பதிவுகளை வைத்து ஹார்வி பெஸ்கின் 1967இல் எழுதியதும் இதையே காட்டியது. பிற்பாதியைச் சொல்லாமல் முற்பாதியை மட்டும் சொல்லிக்கொடுப்பது, எட்டாம் வகுப்பில் குள்ளமாக இருக்கும் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

மக்ஃபார்லேனின் கதை இதைவிடச் சுவையானது. இந்த நிறுவனத்தின் மையமே அவர் கதைதான் என்பது என் எண்ணம்.

248 குழந்தைகளின் வீடு, பெற்றோரின் மணவாழ்க்கை, உடல்நலம், பிடிவாதம், பொய், தூக்கம், சாப்பாடு, படிப்பு என எல்லாம் அவரிடம் இருந்தன. அறிவுச் சோதனை எண்களும் இருந்தன. அவற்றின் நிலையே ஒரு எச்சரிக்கையாக அமைந்தது. மார்ஜரி ஹான்சிக், மக்ஃபார்லேன், ஆலன் மூவரும் 1948இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆறு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 15 புள்ளிகளோ அதற்கு மேலோ ஏறியோ இறங்கியோ இருந்தது. ஐ.க்யூ. என்பது நெற்றியில் எழுதிய எழுத்து என்று நம்பிய காலம் அது. பெய்லியும் தம் 61 குழந்தைகளை வைத்து, முதல் ஆண்டில் எடுக்கும் சோதனை பின்னாளைய அறிவுத்திறனை முன்கூட்டிச் சொல்லாது என்று 1933 வாக்கிலேயே காட்டியிருந்தார். பெயர்பெற்ற பெய்லி அளவுகோல் 1969இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவரே அதன் எல்லையை முதலில் சொன்னவர். (இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப அதைத் திருத்தி அமைத்த பணி பரோடாவில் பிரமிளா பாட்டக் தலைமையில் நடந்தது. நம் மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சிப் பரிசோதனைக்கு அந்த வடிவம்தான் வெகுகாலம் கைகொடுத்தது.)

அறிவுத்திறன் மாறினால் மாறட்டும், குணமாவது நிலைக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாமும் சொல்லித்தான் வருகிறோம். தொல்லை மிகுந்த வீட்டில் வளரும் குழந்தை தொல்லையான ஆளாகும், அமைதியான வீட்டுப் பிள்ளை அமைதியாக வாழும் என்று ஒவ்வொரு கோப்பையும் வைத்து அனுமானித்தார்கள். பிள்ளைகளுக்கு முப்பது வயதானபோது மீண்டும் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார்கள். வந்து உட்கார்ந்தவர்களைக் கண்டு ஆய்வாளர்களே திகைத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர், எதிர்பார்த்ததைவிட நிதானமும் திறமும் உள்ள மனிதர்களாகியிருந்தார்கள். சிலர் எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை. கணிப்போடு ஒத்துப்போனவர்கள் சிறுபான்மை. தேறாதவர்களில் பள்ளியில் விளையாட்டு வீரர்களாக ஓங்கி நின்ற பையன்களும், எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்த அழகான பெண்களும் இருந்தார்கள். முதிர்ச்சியோடு வந்தவர்களில், வகுப்பில் தோற்றுக்கொண்டே இருந்தவர்களும், வீட்டுச் சண்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

மக்ஃபார்லேன் இதை 1964இல் எழுதினார். தம் தரப்பில் எங்கே தவறியது என்று அவர் காரணங்களையும் அடுக்கினார். குழந்தையைப் பாதிக்கும் தொல்லைகளையே தேடித் தேடிப் பார்த்தோம். அது தாங்கிக்கொண்டு கற்றதைப் பார்க்கவில்லை. கடினமான அனுபவம் ஒருவரை முதிரவைக்கும் என்பதைக் குறைவாக மதித்தோம். வெகுநாள் பழக்கம் நீடிக்கும் என்று நினைத்தோம். பலர் அதை வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டார்கள், அல்லது வேறு பயனுக்குத் திருப்பிக்கொண்டார்கள். பிறந்த வீட்டைவிட்டு விலகி ஒரு வேலை, ஒரு மணவாழ்க்கை, ஒரு குழந்தை என்று ஏற்ற பிறகுதான் சிலர் நிமிர்ந்தார்கள். தம் வாழ்நாள் உழைப்பின் முடிவை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆய்வாளர்கள் உளவியலில் குறைவு. கணிப்பு பலித்ததாகச் சொல்லிக்கொள்ள இடம் தரும் நாலைந்து பேரை மட்டும் எடுத்துக்காட்டி அவர் ஒரு நூல் எழுதியிருந்தால் அது அமோகமாக விற்றிருக்கும்.

இதுவரை வந்த பெயர்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். அது தற்செயல் அல்ல. உளவியல் துறைகளில் பெண்களுக்குப் பேராசிரியர் பதவி எளிதில் கிடைக்காத காலத்தில், குழந்தை ஆய்வு நிறுவனங்கள் ஆய்வாளர் என்ற பெயரில் அவர்களுக்கு வேலை தந்தன. மேரி கவர் ஜோன்ஸ், கணவரும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி வகிப்பதைத் தடுத்த விதியால் வெகுகாலம் பின்தள்ளப்பட்டார். முழுப் பேராசிரியர் ஆனது 1959இல், ஓய்வு பெறும் தறுவாயில். பெய்லிக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் சிறப்பு அறிவியல் பங்களிப்பு விருது 1966இல் வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பதவி ஏணியில் ஏற வழியில்லாதவர்கள் ஒரே வேலையில் நாற்பது ஆண்டுகள் ஊன்றி நின்றார்கள். நெடுங்கால ஆய்வுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

எரிக்சன் இங்கே வந்தது 1939 வாக்கில். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். வியன்னாவில் உளப்பகுப்பாய்வு பயின்றவர். மக்ஃபார்லேனின் பிள்ளைகளுக்குப் பதினொரு வயதானபோது, மேசையில் பொம்மைகளையும் கட்டைகளையும் பரப்பி, கற்பனைத் திரைப்படம் ஒன்றிலிருந்து விறுவிறுப்பான காட்சியை அமைக்கச் சொல்லி அவர் கவனித்தார். அந்தக் கட்டுமானங்களைப் பற்றி அவர் சொன்ன ஆண், பெண் வேறுபாடுகள் பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. 1950இல் அவருடைய ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ நூல் வந்தது. எட்டு நிலைகளை உலகம் அறிந்தது அதில்தான். அதே ஆண்டில் அவர் பெர்க்லியை விட்டுப் போனார். கம்யூனிஸ்ட் அல்ல என்று ஆசிரியர்கள் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்ற பல்கலைக்கழக ஆணையை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். அந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் பெயரிலேயே 1962இல் கட்டிய டோல்மன் அரங்கில் பின்னாளில் இந்நிறுவனம் இயங்கியது. நிலநடுக்கத்தைத் தாங்காது என்று அந்தக் கட்டடத்தை 2019இல் இடித்துவிட்டார்கள். எரிக்சனோ 1962இல் மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்குக்கு அகமதாபாத் வந்து, அங்கே 1918இல் நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைப் பிடித்துக்கொண்டு காந்தியைப் பற்றி எழுதி, புலிட்சர் பரிசு பெற்றார்.

நிறுவனம் 1950களின் இறுதியில் பெயரை மனித வளர்ச்சி நிறுவனம் என்று மாற்றிக்கொண்டது. ஓக்லண்ட் பிள்ளைகள் நாற்பதை நெருங்கிவிட்ட பிறகு குழந்தை நலம் என்ற பலகை பொருந்தவில்லை. 1960இல் ஹெரால்டு ஜோன்ஸ் மறைந்தார். சமூகவியலாளர் ஜான் கிளாசன் இயக்குநரானார். அதன் பின் வந்த இயக்குநர்களில், நம் கல்லூரி நூலகங்களில் குழந்தை வளர்ச்சிப் பாடநூலால் அறிமுகமான பால் மஸ்ஸனும் உண்டு.

ஒரு சிக்கல் இருந்தது. ஓக்லண்டில் ஒரு மாதிரி, பெர்க்லியில் ஒரு மாதிரி, 1930களில் ஒரு நடையில், 1950களில் வேறு நடையில் எழுதிய குறிப்புகளை எப்படி ஒப்பிடுவது? ஜாக் பிளாக் இதற்கு ஒரு வழி செய்தார். ஆளின் குணத்தை விவரிக்கும் நூறு அட்டைகள். கோப்பை முழுதாகப் படித்த மதிப்பீட்டாளர், இந்த ஆளுக்கு மிகப் பொருந்துவது முதல் சற்றும் பொருந்தாதது வரை ஒன்பது அடுக்காக அவற்றைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை அட்டை என்பது முன்பே முடிவானது. ஆகவே எல்லோரையும் நல்லவர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குமரப் பருவக் கோப்பைப் படித்தவருக்கு அதே ஆளின் நடுவயதுக் கோப்பைக் காட்டமாட்டார்கள். நோர்மா ஹானுடன் சேர்ந்து பிளாக் 1971இல் வெளியிட்ட நூல் இப்படிப் பிறந்தது. சிலர் பள்ளி நாளிலிருந்து நடுவயது வரை அடையாளம் தெரியும்படி அப்படியே இருந்தார்கள், சிலர் ஆளே மாறிப்போனார்கள் என்பது அதன் சாரம்.

கோப்புகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததன் முழுப் பயன் கிளென் எல்டர் கையில் விளைந்தது. 1962இல் பெர்க்லி வந்த இந்த இளம் சமூகவியலாளர், ஓக்லண்ட் பிள்ளைகளின் குடும்ப வருமானம் 1929இலும் 1933இலும் பதிவாகியிருப்பதைக் கண்டார். இடையில் நடந்தது பெருமந்தம். அமெரிக்கத் தொழிலாளரில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம். விலைவாசியும் அப்போது விழுந்திருந்ததைக் கணக்கில் கொண்டு, வருமானத்தில் 35 விழுக்காட்டுக்கு மேல் இழந்த குடும்பங்களை நொடித்தவை என்று வகுத்தார். அந்த வீடுகளில் பையன்கள் பகுதிநேர வேலைக்குப் போனார்கள். பெண்கள் வீட்டு வேலையைச் சுமந்தார்கள். அப்பாவின் சொல் வலுவிழந்து அம்மாவின் கை ஓங்கியது. 1974இல் வந்த ‘பெருமந்தத்தின் பிள்ளைகள்’ நூல், இந்தப் பிள்ளைகள் பொதுவாகத் தாழ்ந்து போகவில்லை என்று காட்டியது. பின்னர் எல்டர் மக்ஃபார்லேனின் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார். அதே வட்டாரம், அதே மந்தம். ஆனால் இவர்கள் ஏழெட்டு ஆண்டு இளையவர்கள். மந்தம் வந்தபோது கைக்குழந்தைகள். நொடித்த வீடுகளில் இந்த வயதுப் பையன்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். குமரப் பருவத்தில் தன்னம்பிக்கையும் குறிக்கோளும் குன்றிக் கிடந்தார்கள். வருமானம் போனது தந்தையை எரிச்சல்காரராக்கி, அந்த எரிச்சல் பிள்ளை மேல் இறங்கியிருந்தது. அவர்களிலும் பலர் ராணுவத்துக்குப் போய், திரும்பி வந்து அரசு உதவியில் கல்லூரி படித்து, மணமுடித்து நடுவயதில் மீண்டுவிட்டார்கள். எந்த வயதில் இடி விழுந்தது என்பது, இடி விழுந்ததா என்பதற்கு நிகராக முக்கியம். வாழ்க்கைப் போக்கு ஆய்வு என்று இன்று சமூகவியலில் ஒரு தனித்துறை இருப்பதற்கு இந்த ஒப்பீடு ஒரு பெரிய காரணம்.

எதையுமே முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. கிளாசன் தம் கடைசி ஆண்டுகளில், 1993இல் வெளியிட்ட ‘அமெரிக்க வாழ்க்கைகள்’ நூலில் ஒரு குணத்தைச் சுட்டினார். நம்பகமாக நடப்பது, அறிவில் நாட்டம், தன்மேல் நம்பிக்கை ஆகியவை சேர்ந்து, தன் வாழ்க்கையைத் தானே திட்டமிடும் திறம். பள்ளி முடிக்கும்போதே இது கைவந்தவர்களின் வேலையும் மணவாழ்க்கையும் பிற்காலத்தில் நிலையாக இருந்தன, நெருக்கடிகளும் குறைவு. மேரி கவர் ஜோன்ஸும், நடுவயதில் குடியால் சிக்கலுக்கு உள்ளான ஆண்கள், பள்ளி நாளிலேயே அடக்கமின்றிச் சட்டென்று பாய்பவர்களாக இருந்ததைக் காட்டினார்.

குறைகளும் பெரியவை. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்; ஒரு பல்கலைக்கழக நகரையும் அதன் அண்டை நகரையும் சேர்ந்தவர்கள். ஓக்லண்ட் பிள்ளைகள் படித்த உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் பின்னாளில் மெரிட் கல்லூரியானது. 1960களில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் சந்தித்துக் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கக் காரணமான கல்லூரி அதுதான். அந்தக் கறுப்பின இளைஞர்களின் குமரப் பருவத்தைப் பற்றி நிறுவனத்தின் அலமாரிகளில் எதுவும் இல்லை. போருக்குப் பிந்தைய செழிப்பு கைதூக்கிவிட்ட ஒரு தலைமுறையை வைத்து, மனிதர் எல்லோரும் மீண்டுவிடுவர் என்று முடிவுகட்டுவதும் அவசரம். வேலையும் கல்லூரியும் கிடைத்ததால் மீண்டவர்கள் அவர்கள்; கிடைக்காத இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கோப்புகள் சொல்லமாட்டா.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்ஃபார்லேனின் 1964ஆம் ஆண்டுக் கட்டுரை ‘வீட்டா ஹியூமானா’ இதழின் ஏழாம் தொகுதியில் இருக்கிறது. அந்த இதழ் அடுத்த ஆண்டு முதல் ‘ஹியூமன் டெவலப்மென்ட்’ என்று பெயர் மாறியது. பழைய நூலகங்களில் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள். நீண்ட கட்டுரை அல்ல. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.